பெரிய படத்தைப் பிரவுசரில் காட்ட எந்த வழி: ப்ளக்-இன்னா, நீட்சியா, வெறும் பக்கமா?

போன மாதம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது 2005-ல் நான் எழுதி வைத்த ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவில் "கோயில் – மண்டபம், கல்வெட்டு" என்று என் கையெழுத்து. இந்தக் காலத்து லேப்டாப்பில் சிடி போட இடமில்லை என்பதால் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வந்து திறந்தால், ஒரு வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரே ஒரு வரி: "இந்தப் படத்தைப் பார்க்க ப்ளக்-இன் நிறுவவும்." ப்ளக்-இன் என்றால் பிரவுசருக்குள் ஓடுவதற்காகத் தனியாக நிறுவுகிற நிரல். அந்த வரியை எழுதியது நானேதான். அந்த வரியைச் சொடுக்கினால் போகிற இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வருடம் அதே கோயிலுக்கு நாங்கள் நாலு பேர் மறுபடி போய்ப் படமெடுத்தோம். வடக்குப் பக்க அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், வளைந்த குமுதம், அதற்குக் கீழே தட்டையான ஜகதி என்ற இரண்டு அடுக்கிலும் கல்வெட்டு ஓடுகிறது. பொழுது சாய்ந்த பிறகு எல்இடி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு அடி நகர்ந்து ஒரு படம் என்று எடுத்து, ஹகின் மென்பொருளில் ஒட்டினால் 38,400-க்கு 6,144 பிக்சல் அளவில் ஒரு நீளப் படம் வந்தது. அதோடு முன்மண்டபத்தின் நடுவில் ட்ரைபாடை நிறுத்திச் சுற்றி எடுத்த 360 டிகிரி படம் ஒன்று, 12,000-க்கு 6,000. இரண்டையும் நெட்டில் வைக்க வேண்டும். படித்துச் சொல்ல வேண்டியவர் எழுபதைத் தாண்டிய ஒரு தமிழாசிரியர், அவர் கையில் இருப்பதோ சாதாரண போன். எப்படி வைப்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், அந்தக் கணக்குவழக்குதான் இது.

ஜேபெக்காக அப்படியே ஏற்றிவிட்டால் என்ன என்றுதான் முதலில் எல்லாரும் கேட்கிறார்கள். ஃபைல் அளவைப் பார்த்தால் ஒரு சின்ன வீடியோ அளவுகூட இல்லையே என்று தோன்றும். சிக்கல் அங்கே இல்லை. பிரவுசர் அதை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வேண்டும், 23.6 கோடி பிக்சலுக்குக் கணக்குப் போட்டால் 900 எம்.பி. நினைவகம் போய்விடும். போன் மூச்சு முட்டி டேபையே மூடும், இல்லாவிட்டால் படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிக் காட்டும், எழுத்துப் படிக்க வராது. ஆனால் யோசித்துப் பாருங்கள், திரை 1920-க்கு 1080 என்று வைத்தாலும் அதில் இருப்பது 20 லட்சம் பிக்சல்தான். எந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரியப்போவது அவ்வளவே. அதனால் படத்தை 256-க்கு 256 சதுரங்களாக வெட்டி, அதன் பாதியளவுப் படம் ஒன்று, கால் அளவு ஒன்று என்று ஒரே புள்ளியாகும் வரை சுருக்கி அவற்றையும் வெட்டி அடுக்கிவிட்டால், பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு வேண்டிய நாற்பது ஐம்பது சதுரம் மட்டும் இறங்கினால் போதும். எங்கள் படத்துக்கு அடி அடுக்கில் 150-க்கு 24, ஆக 3,600 சதுரம். மேலே குறுகிக்கொண்டே போய் எல்லா அடுக்கும் சேர்த்து 4,824. ஜூம் ஆகும் படம் என்று எங்கே பார்த்தாலும் உள்ளே இருப்பது இந்தப் பிரமிடுதான். ப்ளக்-இன் காலத்திலும் பெரும்பாலும் இதேதான், இன்றும் இதேதான். சதுரங்களை எடுத்து வந்து ஒட்டிக் காட்டுகிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

அந்த ஆள் ஒரு காலத்தில் ப்ளக்-இன். 1995 வாக்கில் நெட்ஸ்கேப் 2 என்ற பிரவுசர் இந்த வசதியைக் கொண்டுவந்தது, ஆப்பிளின் குவிக்டைம் வி.ஆர். அதே சமயத்தில் வந்தது. டயல்-அப் இணைப்பில், மவுஸை இழுத்தால் ஒரு மண்டபமே சுற்றுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வாய் பிளந்துபோனது, அதை மறுக்க மாட்டேன். அன்று பிரவுசருக்குத் தானாக இதையெல்லாம் செய்யத் தெரியாது, வேறு வழியும் கிடையாது. ஃபிளாஷ் ப்ளக்-இன்னில் ஓடிய ஜூமிஃபை, ஸ்கேன் செய்த புத்தகங்களுக்கு தேஜாவூ, 2007-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு விட்ட எச்டி வியூ, அடுத்த வருடம் அதே கம்பெனியின் சில்வர்லைட் ப்ளக்-இன்னுக்குள் வந்த டீப் ஜூம் என்று ஆளாளுக்கு ஒன்று. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ப்ளக்-இன், ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்டேட், அப்புறம் ரீஸ்டார்ட்.

பிறகு எல்லாம் வரிசையாகச் சாய்ந்தன. ஐபோன் 2007-ல் வந்தபோதே ஃபிளாஷை உள்ளே விடவில்லை, கடைசி வரைக்கும் விடவில்லை. குரோம் 2015 செப்டம்பரில் பழைய ப்ளக்-இன் கதவை மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து மற்றதை வெளியே தள்ளியது. விண்டோஸில் குவிக்டைமை ஆப்பிள் கைவிட்டதும், அதை நீக்கிவிடுங்கள் என்று 2016-ல் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே சொன்னது. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள், 2021 ஜனவரி 12 முதல் நிறுவியிருந்தாலும் ஓடாது. சில்வர்லைட் 2021 அக்டோபர் 12. ப்ளக்-இன் என்பது பிரவுசருக்குள் உட்கார்ந்திருந்தாலும் உண்மையில் கணினியின் மேல் நேராகக் கை வைக்கிற தனி நிரல், அதில் ஓட்டை விழுந்தால் வீட்டுக்கே ஓட்டை, அதனால்தான் இத்தனை அவசரம். எனவே "ப்ளக்-இன் போடலாமா" என்ற கேள்விக்கு இன்று பதில் எளிது: போட முடியாது. பழைய பிரவுசரைத் தேடிப்பிடித்து நிறுவிப் பார்க்கலாம் என்று சில பேர் சொல்வார்கள்; நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு கணினியில் செய்தால் சரி, வங்கிக் கணக்குப் பார்க்கிற லேப்டாப்பில் வேண்டாம்.

ஃபிளாஷ் மட்டும் பிழைத்தால் போதும் என்பவர்களுக்கு ரஃபிள் இருக்கிறது. ஃபிளாஷ் இல்லாமலே அதன் ஃபைல்களை ஓட்டிக் காட்டுகிற, ரஸ்ட் மொழியில் எழுதிய எமுலேட்டர், பிரவுசர் நீட்சியாகவும் கிடைக்கும், தளத்தின் பக்கத்திலேயே சேர்த்தும் வைக்கலாம். பழைய ஃபிளாஷ் ஃபைல்கள் நன்றாகவே ஓடுகின்றன, பிந்தையவற்றில் சில முரண்டு பிடிக்கும். பழையதைப் பார்க்க நல்லது, புதிதாகக் கட்டுவதற்கு அல்ல.

நீட்சி என்றதும் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதும்போது ப்ளக்-இன், செருகுநிரல், நீட்சி, ஆட்-ஆன் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறோம். எக்ஸ்டென்ஷன் என்கிற நீட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, அது பிரவுசர் கிழித்த கோட்டுக்குள் நின்று வேலை செய்வது. படத்தின் மேல் மவுஸ் வைத்தால் பெரிதாக்குபவை உண்டு. ஜூம் ஆகும் படத்தின் சதுரங்களையெல்லாம் திரட்டி மறுபடி ஒரே படமாக ஒட்டித் தருகிற டிஜூமிஃபை உண்டு, ஏதோ ஒரு நூலகத் தளத்தில் இருக்கும் பழைய வரைபடத்தை நெட் இல்லாத இடத்தில் வைத்துப் படிக்க எனக்கு அது உதவியிருக்கிறது (உரிமை யாருடையது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்). ஆனால் இவை பார்ப்பவர் தன் வசதிக்குப் போட்டுக்கொள்பவை. "எங்கள் படத்தைப் பார்க்க இதை நிறுவுங்கள்" என்று வருகிறவர்களிடம் கேட்டால் 2005-ல் நான் செய்த அதே தப்புதான். பல நீட்சிகள் கேட்கிற அனுமதியையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், நீங்கள் போகும் எல்லாத் தளத்திலும் எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி. ஒரு படத்தைப் பெரிதாக்கவா இவ்வளவு? போனில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே போட முடியாது என்பதோடு இந்த வழியும் எங்களுக்கு அடைபட்டது.

மிச்சம் இருப்பது வெறும் பக்கம். ஓபன்சீட்ராகன் என்று ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், இலவசம், திறமூலம். இதன் பூர்வீகம் வேடிக்கை: சீட்ராகன் என்ற சின்ன நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2006-ல் வாங்கியது, அந்தத் தொழில்நுட்பம்தான் சில்வர்லைட்டுக்குள் டீப் ஜூமாகப் போனது, சில்வர்லைட் செத்துவிட்டது, அதற்காக வகுத்த சதுர அடுக்கு முறை மட்டும் ஓபன்சீட்ராகன் வழியாக இன்றைக்கும் ஓடுகிறது. வெட்டுவதற்கு விப்ஸ் என்ற கருவி போதும், ஒற்றை வரிக் கட்டளை. படம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெட்டுவதால் என் பழைய 4 ஜி.பி. லேப்டாப்பே முனகாமல் முடித்தது.

இதில் தலைவலி எங்கே என்றால், யாரும் முன்கூட்டிச் சொல்லாத இடத்தில். 4,824 குட்டி ஃபைல்களை எஃப்.டி.பி.யில் ஒவ்வொன்றாக ஏற்றினால் காபி குடித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தாலும் பாதிதான் போயிருக்கும். ஜிப் ஆக்கி ஏற்றி, சர்வரிலேயே பிரிக்க வேண்டும். மலிவு ஹோஸ்டிங்கில் இடத்துக்கு மட்டுமல்லாமல் ஃபைல் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு இருக்கும், இப்படி ஐம்பது படம் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், நேராக ஃபைலைத் திறந்தால் பிரவுசர் பாதுகாப்பு காரணம் சொல்லிப் படத்தின் விவர ஃபைலைப் படிக்க மறுத்துவிட்டது. அந்த விவரத்தைப் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்த பிறகுதான் சரியானது. இன்னொன்று, மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர வேண்டிய இடத்தில் படம் ஜூம் ஆகும், போனில் கட்டைவிரல் படத்துக்குள் மாட்டிக்கொண்டு கீழே போக முடியாது; படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள்.

ஆசிரியரிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு விரலை வைத்து விரித்தார், மங்கலாக வந்த சதுரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. குமுதத்தின் வளைவில் ஒரு இடத்தில் நின்றார். "தம்பி, இது ககரமா தகரமான்னு வெளிச்சம் ஏமாத்துது. மைப்படியில பாத்தா தெரியும்." மைப்படி (கல்லில் ஈரத் தாளை ஒற்றி, மேலே மை தட்டி எடுக்கும் பிரதி) எடுக்க எங்களுக்கு அனுமதியும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் மைப்படி என்பது கறுப்பில் வெள்ளை எழுத்து. எங்கள் படத்தில் சாய்ந்த வெளிச்சத்தால் எழுத்தின் பள்ளம் இருட்டு, கல் வெளுப்பு. நெகட்டிவ் ஆக்கினால் அதேதானே? ஓபன்சீட்ராகனோடு சேர்த்துக்கொள்ளக் கூடிய வடிகட்டி ஒன்று இருக்கிறது (அதையும் ப்ளக்-இன் என்றே சொல்கிறார்கள், பயப்பட வேண்டாம், பார்ப்பவர் எதையும் நிறுவத் தேவையில்லை). நெகட்டிவுக்கு ஒரு பொத்தான், மாறுபாட்டைக் கூட்ட ஒரு பொத்தான் வைத்தேன். அடுத்த முறை பார்த்தவர் தகரம் என்று சொல்லிவிட்டு மேலே படித்துக்கொண்டே போனார். அந்தச் சிடி காலத்து வியூவரில் இப்படி ஒரு பொத்தானை நாமாகச் சேர்ப்பது எனக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இதற்கு மேல் ஒரு படி ட்ரிபிள் ஐ எஃப் (IIIF). பிரிட்டிஷ் நூலகம், ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் போன்ற இடங்கள் சேர்ந்து, படங்களை நெட்டில் பகிர்வதற்காக உருவாக்கிய பொது நெறிமுறை. படத்தின் எந்தப் பகுதி, என்ன அளவு, எத்தனை டிகிரி திருப்பம், என்ன தரம் என்று நான்கையும் இணைய முகவரியிலேயே எழுதிக் கேட்கலாம். கல்வெட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்: "மூன்றாம் வரி, இடமிருந்து பதினான்காம் எழுத்து" என்று கட்டுரையில் விவரிப்பதற்குப் பதிலாக, அந்தத் துணுக்குக்கே ஒரு முகவரி கொடுத்துவிடலாம். வேறு ஒரு நூலகத்தில் இருக்கும் படத்தையும் நம் படத்தையும் மிராடார் என்ற வியூவரில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். ஆனால் முழு வசதியும் வேண்டுமென்றால் கான்டலூப் மாதிரி ஒரு பட சர்வரை ஓயாமல் ஓட்ட வேண்டும், அது ஜாவாவில் ஓடுவது, எங்கள் வருடச் சந்தா ஹோஸ்டிங்கில் அதற்கு இடமில்லை. நூறு இருநூறு ஓலைச்சுவடிக் கட்டுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நூலகம் என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். நாலு பேர், இரண்டு படம் என்றால் இது கொசு அடிக்கப் பீரங்கி. நடுவழி ஒன்றும் உண்டு: அதே விப்ஸ், சதுரங்களை ட்ரிபிள் ஐ எஃப் முறைப்படியே பெயரிட்டு வெட்டித் தரும், சர்வர் இல்லாமல் வெறும் ஃபோல்டராக வைத்தாலும் அந்த நெறிமுறையின் கடைசிப் படிக்கு அது பொருந்தும். நான் அப்படித்தான் இன்னொரு பிரதி வெட்டி வைத்திருக்கிறேன்.

வெறும் பிரவுசர் எவ்வளவு தாங்கும் என்று சந்தேகமாக இருந்தால் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் வைத்திருக்கும் ரெம்ப்ராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தைப் போய்ப் பாருங்கள். 8,439 புகைப்படங்களை ஒட்டி 2022 ஜனவரியில் வெளியிட்ட 71,700 கோடி பிக்சல் படம், மூலம் 5.6 டெராபைட். எந்தப் ப்ளக்-இன்னும் இல்லாமல் போனிலேயே வண்ணத்தின் வெடிப்பு வரைக்கும் போகலாம். எங்கள் ஜகதி அதன் முன்னால் தூசு.

மண்டபத்தின் 360 படம் வேறு கதை. இதில் பலர் குழம்புகிறார்கள்: கல்வெட்டை நீளமாக ஒட்டியதையும் பனோரமா என்கிறார்கள், உருண்டையாகச் சுற்றுவதையும் பனோரமா என்கிறார்கள். முதலாவது தட்டைப் படம், அதை உருண்டை வியூவரில் போட்டால் வரியெல்லாம் வில்லாக வளையும். இரண்டாவதைத் தட்டை வியூவரில் போட்டால் தூண் வளைந்து, விதானத் தாமரை கோடாக இழுபடும். உருண்டைக்கு பனெல்லம் எடுத்தேன்; சின்ன ஃபைல், திறமூலம், பிரவுசரின் வெப்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப்பை நேராகப் பயன்படுத்தும் வசதி) வழியாகப் படத்தை உருண்டையின் உட்புறத்தில் ஒட்டிக் காட்டும். சும்மா 12,000 பிக்சல் அகலப் படத்தைக் கொடுத்தால் பல போன்களில் கறுப்புத் திரைதான், ஏனென்றால் அங்கே கிராஃபிக்ஸ் சிப் ஒரே மூச்சில் 4,096 அல்லது 8,192 பிக்சலுக்கு மேல் வாங்காது. அதற்கு பனெல்லமே ஒரு நிரல் தருகிறது, உருண்டையைப் பெட்டியின் ஆறு முகமாக்கி, ஒரு முகம் 3,800 பிக்சல் சொச்சம், அவற்றையும் சதுரமாக வெட்டிவிடும். மார்சிபானோவும் இதே வேலையைச் செய்யும், பல இடங்களைக் கோத்து நடந்து போகிற மாதிரி சுற்றுலா அமைப்பதற்கு அதன் கருவி எனக்கு எளிதாகப் பட்டது. கேஆர்பனோ காசு கொடுத்து வாங்குவது, தொழிலாகச் செய்பவர்களின் கை அதில்தான் பழகியிருக்கிறது, ஹோட்டலுக்கும் அடுக்குமாடிக்கும் படமெடுத்துக் கொடுப்பவர் என்றால் அந்தக் காசு வீண் இல்லை.

இவ்வளவு எதற்கு, யாராவது ஒரு இலவச சேவையில் ஏற்றிவிட்டு லிங்க் கொடுத்தால் போகிறது என்றார் எங்களில் ஒருவர். பத்து நிமிட வேலை, உண்மைதான். மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் 2017 பிப்ரவரியில் மூடியது, கூகுளின் ஸ்ட்ரீட் வியூ செயலி 2023-ல் போனது, இத்தனைக்கும் இரண்டு பேரும் உலகத்திலேயே பணக்காரக் கம்பெனிகள். கல்யாண மண்டபத்தைச் சுற்றிக் காட்ட இரண்டு வருடம் ஓடினால் போதும் என்றால் ஏற்றுங்கள். பொதுவில் விடச் சம்மதம் என்றால் விக்கிமீடியா காமன்ஸ் பரவாயில்லை, பெரிய படத்தை வெட்டிக் காட்டவும் 360 படத்தைச் சுற்றிக் காட்டவும் அங்கே கருவிகள் உண்டு, மூலப் படமும் அப்படியே இருக்கும். நாங்கள் ஏற்றப் போகிறோம், முதல் இருப்பிடமாக அல்ல, மூன்றாவது பிரதியாக.

சிடிக்கு வருகிறேன். மண்டபத்தின் குவிக்டைம் ஃபைல் இன்னும் திறக்கவில்லை. உள்ளே படம் ஜேபெக்காகத்தான் இருக்கிறது, ஆனால் 90 டிகிரி படுக்கப் போட்டுத் துண்டு போட்டு மூவி ஃபைலுக்குள் அடைத்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிக்க வேண்டும். கல்வெட்டுப் படம் ஜூமிஃபை ஃபோல்டர். அதில் ஃபிளாஷ் வியூவர் மட்டும்தான் செத்திருந்தது. டைல்குரூப் என்று பெயரிட்ட இரண்டு ஃபோல்டரில், முதலாவதில் 256, இரண்டாவதில் மீதி என்று கிட்டத்தட்ட 300 ஜேபெக் சதுரங்கள் 2005-ல் வெட்டியபடியே கிடந்தன. ஓபன்சீட்ராகனுக்கு அந்த அடுக்கு முறையும் தெரியும். அகலம் 9,000, உயரம் 1,500 என்று இரண்டு எண்ணைக் கொடுத்ததும் படம் வந்துவிட்டது.

புதுப் படத்தையும் அதையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தோம். பழையதில் ஜகதியின் அடியில் ஒரு வரி கூடுதலாக ஓடுகிறது. நடுவில் எப்போதோ பிராகாரத்துக்குப் புதுத் தளம் போட்டிருக்கிறார்கள், அந்த வரி இப்போது சிமெண்டுக்குக் கீழே. மூன்று மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது, எழுத்து விளிம்பெல்லாம் புகை மாதிரி இருக்கிறது. ஆசிரியர் நெகட்டிவ் பொத்தானை அழுத்தி எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார், நேற்று "சந்திராதித்தவல்" (சந்திர சூரியர் உள்ளவரை) என்ற இடம் வரைக்கும் வந்தார்.